கடன் முடிந்தது, கணக்கு நின்றது

சகோதரிகளே, நம்ம குழுக்களோட வேர் தர்மபுரியில இருக்கு. 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1989-ல், ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியம் தந்த கடனுதவியோடு, அது தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களை அமைத்தது. 1992-ல் நபார்டு, 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. நகை, நிலம் அடமானம் இல்லை. சேமிப்பையும் நோட்டையும் பார்த்துக் கடன். பிறகு மாநில அரசின் மகளிர் திட்டமாக நம்ம திண்டுக்கல்லுக்கும் வந்தது.

வெளியிலிருந்து வரும் பணம் ஒருநாள் முடிஞ்சிடும். நின்னது தீர்மான நோட்டும் வரவு செலவுக் கணக்கும்தான். பத்தாவது படிச்ச நான் எங்க குழுக் கணக்கை எழுதுறேன். ஆனா ஒருத்தி கையை நம்பி குழு நிக்கக் கூடாது. அதனால இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லித் தர்றேன். உங்க குழுவிலும் செய்யுங்க.