ஞாயிற்றுக் காலைச் சித்திரங்கள்

இளமையிற் கேட்ட குரல் எளிதில் மறப்பதில்லை. தமிழகத்தை நீங்கி வட இந்திய நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில், 1990-களின் தொடக்கத்தில் சிறுவராய் இருந்தோரைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தூர்தர்ஷனில் கண்ட மோக்லியின் கதையை இன்றும் முகமலர்ந்து கூறுவர். குல்ஸார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அதன் தொடக்கப் பாடலையும் முணுமுணுப்பர். அச்சித்திரங்கள் எங்கிருந்து வந்தன என்று அன்று நாம் எண்ணியதில்லை. இன்று எண்ணுங்கால் வியப்பே மேலிடுகிறது.

அக்கதைக்கு மூலம் 1894-இல் வெளிவந்த ஆங்கில நூல். அதன் ஆசிரியர் ருட்யார்ட் கிப்ளிங் 1865-இல் பம்பாயில் பிறந்தவர். கதை நிகழும் இடமோ இன்றைய மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் காடு. அதனை 1989-இல் 52 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக்கியது ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம். நம் நாட்டுக் காடு ஆங்கிலக் கதையாகி, ஜப்பானியச் சித்திரமாகி, இந்தி பேசிக்கொண்டு நம் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்தது!

ஜப்பானியர் இக்கலையில் சிறந்தது எவ்வாறு? 1963-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடர் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். வாரந்தோறும் அரைமணி நேரப் படத்திற்கு அத்தனையும் வரைதல் இயலுமோ? ஆகவே ஒரே சித்திரத்தைச் சில படங்களுக்கு நிறுத்தினர். முகம் அசையாதிருக்க, வாயை மட்டும் அசைத்தனர். முன்பு வரைந்த காட்சிகளை மீண்டும் பயன்படுத்தினர். சிக்கனமே ஒரு பாணியாயிற்று. எனினும் உழைப்பில் அவர்கள் சிக்கனம் காட்டினாரல்லர். 1974-இல் வெளிவந்த 'ஹைதி' தொடருக்காக, இயக்குநர் இசாவோ தகாஹாதாவும் ஹயாவோ மியாசாகியும் உள்ளிட்ட குழுவினர் சுவிட்சர்லாந்துக்கே சென்று மலைகளைக் கண்டு வந்தனர். வாயசைவு எளிதாய் இருந்தமையால், வேற்றுமொழிக் குரலும் அச்சித்திரங்களுக்குப் பொருந்தி வந்தது.

அக்குரல் நமக்கு வாய்த்தது இந்தியில். பள்ளியிலும் தெருவிலும் இந்தி பழகிய சிறுவர்க்கு அதனால் இடரில்லை. ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிக்கோ ஒன்றும் விளங்கவில்லை. "அந்த ஓநாய் என்னடா சொல்லுது?" என்று அவர் கேட்பார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே பேரன் தமிழில் சொல்ல முயல்வான். பக்கீரா யாரென்று கூறச் சொல் கிடைக்காமல் அவன் திகைக்க, "கருஞ்சிறுத்தை" என்று பாட்டி எடுத்துக் கொடுப்பார். 'கா' என்னும் பாம்பு மலைப்பாம்பு என்பதையும் அவரிடமே கற்றான். இந்தி பேசிய ஜப்பானியச் சித்திரத்தால் நம் வீடுகளில் தமிழ் வளர்ந்தது என்றால் மிகையன்று.

ஜப்பானியரான யூகோ சாக்கோவும் நம் நாட்டு ராம் மோகனும் பங்கேற்று இயக்கிய இராமாயணச் சித்திரப்படம் 1992-இல் உருவாயிற்று. 2025 ஜனவரியில் அது நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது தமிழ்க் குரலும் பெற்றிருந்தது. பிந்தி வந்ததாயினும் மகிழ்ச்சியே.

எனினும், குரல் தமிழாகிவிட்டால் மட்டும் போதுமா? இன்று குழந்தைகள் ஆளுக்கொரு கைத்திரையில் தனித்தனியே சித்திரம் காண்கின்றனர். அருகிருந்து, "அது என்ன சொல்லுது?" என்று கேட்பார் அரியர். நாம் ஏங்குவது அப்பழைய சித்திரங்களுக்காக மட்டுமன்று. அவற்றின் அருகே எழுந்த அக்கேள்விக்காகவும்தான். பாட்டிமார் பலர் இன்று நம்மிடை இல்லை. இனி அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் நாமே.