முகமும் முதுகும்: மெக்சிகோவின் கல்பதித்த வெள்ளி

மெக்சிகோ நாட்டுப் பழைய வெள்ளித் தட்டொன்று கைக்கு வந்தால் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அதன் முகத்தை அன்று, முதுகை. முகத்தில் பச்சையும் நீலமுமாகக் கல் இழைத்த பறவையோ மீனோ இருக்கும். அதைப் பிறகு இரசித்துக்கொள்ளலாம். முதுகில் பொறித்த முத்திரை யாருடையது என்பதே அவருடைய முதல் வினா. கவிதையைப் படிக்குமுன் அதன் அடியில் உள்ள பெயரைத் தேடும் பழக்கம் நம்மிடமும் உண்டல்லவா? நம் வட்டத்தின் பத்தாண்டு மலருக்கு இப்பொருளை நான் எடுத்துக்கொண்டது அதனால்தான்.

இக்கலையை ஆஸ்தெக் மக்களிடமிருந்து அறுபடாமல் வந்த தொடர்ச்சி என்று நம்புவோர் பலர். விற்போரும் அந்நம்பிக்கையைக் கலைப்பதில்லை. பழைய மெக்சிகோவில் கல் இழைப்பு உயர்ந்த நிலையில் இருந்தது உண்மையே. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள இருதலைப் பாம்பின் மரவுடல் மீது டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லின் சில்லுகள் ஏறத்தாழ 2,000 பிசின்கொண்டு ஒட்டப்பட்டுள்ளன. பொன்னில் அக்கல்லை இழைத்த மிக்ஸ்தெக் அணிகளும் உண்டு. ஆயினும் அக்கைகளுக்கும் நாம் பேசவந்த பட்டறைகளுக்கும் இடையே நானூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. இடையில் வந்த ஸ்பானிய ஆட்சி இந்நாட்டு வெள்ளியை வேறு வழிகளில் செலுத்தியது.

கெரேரோ மாநிலத்து மலையூரான டாஸ்கோவையே எடுத்துக்கொள்வோம். சுரங்கச் செல்வத்தால் ஹோசே தெ லா போர்தா 1751 முதல் 1758 வரை எழுப்பிய சாந்தா பிரிஸ்கா தேவாலயம் இன்றும் அவ்வூரின் தலைமேல் நிற்கிறது. அவ்வூர் வெள்ளி பெரும்பாலும் பாளமாகவே மலையிறங்கியது. 1929இல் அங்குக் குடியேறினார் வில்லியம் ஸ்பிராட்லிங் என்னும் அமெரிக்கர். நியூ ஆர்லியன்ஸ் நகரின் துலேன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்தவர். 1931இல் அருகிலுள்ள இகுவாலாவிலிருந்து பொற்கொல்லர் ஒருவரை அழைத்துவந்து பட்டறை தொடங்கினார். அவர் வரைந்தார், உருக்கியும் அடித்தும் அறுத்தும் பொருளாக்கியவர்கள் உள்ளூர்க் கைவினைஞர்கள்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. 1910இல் வெடித்த புரட்சிக்குப் பின் மெக்சிகோ தன் பழங்குடி முகத்தைத் தேடத் தொடங்கியிருந்தது; தியேகோ ரிவேரா முதலியோர் அம்முகத்தைச் சுவர்களில் தீட்டிக்கொண்டிருந்தனர். 1932 ஜனவரியில் மோந்தே அல்பானின் ஏழாம் கல்லறையை அல்போன்சோ காசோ திறந்தபோது மிக்ஸ்தெக் பொன்னணிகளும் டர்க்காய்ஸ் இழைப்பும் உலகின் கண்முன் வந்தன. மண்ணுக்குள் கிடந்த மரபும் மண்ணுக்கு மேலே தொடங்கிய பட்டறையும் ஓராண்டு இடைவெளிக்குள் சந்தித்தன எனலாம். ஸ்பிராட்லிங்கை மெக்சிகோ வெள்ளியின் தந்தை என்று போற்றும் வழக்கை நான் அரைமனத்தோடுதான் ஏற்கிறேன். விதை அவருடையது, விளைவித்த கைகள் பல.

அக்கைகளுள் சில விரைவிலேயே தம் பெயரைத் தாமே பொறிக்கத் தொடங்கின. ஸ்பிராட்லிங்கிடம் தொழில் பயின்ற அந்தோனியோ காஸ்தியோ தம் உடன்பிறந்தாருடன் 1939இல் 'லோஸ் காஸ்தியோ' பட்டறையை நிறுவினார். அந்தோனியோ பினேதாவும் அவ்வாறே பயின்று தனிப்பட்டறை கண்டவர். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பிய ஆடம்பரப் பொருள்களின் வரவு நின்றபோது அமெரிக்கப் பெருங்கடைகள் டாஸ்கோவை நாடின. ஸ்பிராட்லிங்கின் பட்டறை நானூறு பேருக்கு மேல் பணியாற்றும் அளவுக்குப் பெருகி, 1945இல் அவர் கையைவிட்டே போயிற்று. பிந்திய ஆண்டுகளில் மெக்சிகோ நகரில் பெப்பே மெந்தோசா பித்தளையில் நீலப் பீங்கான் பதித்துக் கதவுக் கைப்பிடிகளும் விளக்குகளும் செய்தார்.

லோஸ் காஸ்தியோவின் பணிகளே என்னை மிகவும் ஈர்ப்பவை. செம்பு, பித்தளை, வெள்ளி ஆகியவற்றை உருவத்துக்கேற்ப அறுத்து விளிம்போடு விளிம்பு பற்றவைத்து ஒரே தகடாக்குவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மணமுடித்த உலோகங்கள்'. மூன்றும் மூன்று வேறு சூட்டில் உருகுபவை; ஒன்று நெகிழ மற்றொன்று விறைத்து நிற்கும். பெயர் பொருத்தமானது என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர்! கல் பதிக்கும் முறை வேறு. தகட்டின் மீது மெல்லிய பட்டிகளைப் பற்றவைத்துச் சிற்றறைகள் கட்டுவார்கள். மாலகைட், சோடலைட், டர்க்காய்ஸ் முதலிய கற்களை அறையின் வடிவுக்கு அறுத்து, பசையிட்டு இருத்தி, கல்லும் உலோகமும் ஒரே மட்டமாகும்வரை தேய்ப்பார்கள். விரலால் தடவினால் எங்கே வெள்ளி முடிந்தது, எங்கே கல் தொடங்கியது என்று தெரியக்கூடாது. அதுவே வேலைப்பாட்டின் உரைகல்.

ஆனால் அக்கல்லை அறுத்தவர் யார்? தேய்த்தவர் யார்? முதுகில் இருப்பது பட்டறையின் பெயர். 1948 முதல் அரசின் தர முத்திரையாக எண் தாங்கிய கழுகு வந்தது. 1980ஐ ஒட்டி அது நீங்கி எழுத்தும் எண்ணும் கொண்ட பதிவுக்குறி வந்தது. கழுகு இல்லாத பழம்பொருளை மிகுதியாக விரும்பும் சேகரிப்பாளர் உண்டு. 925 என்பது ஆயிரம் பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பதைச் சொல்லும்; ஸ்பிராட்லிங்கின் சில பொருள்களில் 980 என்றிருக்கும். வெள்ளியின் தூய்மைக்குக் கணக்குண்டு. செய்தவனின் பெயருக்கு இடமில்லை.

முத்திரைக்கே விலை என்றானபின் முத்திரையே போலியாவது இயல்பு. ஸ்பிராட்லிங் பெயரால் போலிகள் மிகுதி. கல்லை மட்டமாக இழைக்கக் கற்பதற்கு ஆண்டுகள் வேண்டும். எழுத்து அச்சொன்றைத் தட்டுவதற்கு ஒரு நொடி போதும். எனவேதான் தேர்ந்த சேகரிப்பாளர் முதுகிலிருந்து மீண்டும் முகத்துக்குத் திரும்புகிறார்: பட்டியின் தடிப்பு, பற்றவைத்த இடத்தின் தூய்மை, கல்லின் ஓரம் ஆகியவற்றை உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறார். முத்திரையில்லாப் பொருளையும் வேலைப்பாட்டால் இன்னாருடையது என்று துணிகிறார். பெயர் தெரியாத சங்கப் புலவரை அவர்தம் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்று அழைத்த தொகுப்பாளரின் நெறிக்கு இது தொலைதூர உறவு.

பழம்பொருளில் பசை காய்ந்து கற்சில்லு உதிர்வதும் உண்டு. புதுக்கல் இட்டு நிரப்புவதா, வெற்றறையை அப்படியே விடுவதா என்பதில் சேகரிப்பாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. நான் விடுவதையே விரும்புவேன். உதிர்ந்த அறையின் அடியில் அறுவாளின் கீறல்கள் தெரியும். முத்திரைக்குள் அகப்படாத அந்த மனிதரின் கையெழுத்து அது ஒன்றுதான்.

2008இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஃபௌலர் அருங்காட்சியகம் பினேதாவின் படைப்புகளைப் பெருங்காட்சியாக வைத்தது. அதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. அடுத்த ஆண்டு மறைந்தார்.