முப்பது நாளும் நான்கு மணியும்

தொலைவு இருவகைத்து. அளவுகோல் காட்டுவது ஒன்று. காலம் காட்டுவது மற்றொன்று. முன்னது மாறாது, பின்னது மாறிக்கொண்டே இருக்கும். தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடைப்பட்ட கடல்வழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஏழாம் நூற்றாண்டின் சீனத் துறவி இத்சிங், தம் காலத்து யாத்திரிகர் பலரின் வரலாற்றைத் தொகுத்தார். அவருள் ஒருவர் கடாரத்தில் கலமேறி மேற்கே சென்று, முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்தார் என்பது அதிற் கண்ட செய்தி. இடைத்தொலைவு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். நாளொன்றுக்கு எண்பது கிலோமீட்டரும் இல்லை. காற்றுக்குக் காத்திருந்த நாள்கள் இக்கணக்கில் சேரா. கோடைக் காற்று கலத்தைக் கிழக்கே செலுத்தும். திரும்புவதற்குக் கொண்டல் வீசும்வரை திங்கள் பல பொறுத்திருத்தல் வேண்டும்.

நீராவிக் கப்பல் காற்றின் தளையை அறுத்தது. 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ போன்றதொரு கப்பல் மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் ஓடினால், நாகையிலிருந்து பினாங்குக்கு நான்கு நாளுக்குச் சற்று மிகுதியாகும். ஆயினும் தோட்டத் தொழிலாளருக்குப் பயணம் கப்பலில் தொடங்கவில்லை. நாகையிலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்களில் தொடங்கியது. பினாங்கை அடைந்த பின்னும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல் இருந்தது. காற்றுக்குக் காத்தல் ஒழிந்தது. முகாமில் காத்தல் பிறந்தது.

வானூர்தியும் தொடக்கத்தில் கடலுக்கு அஞ்சியது. 1930களில் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்த பயணிகள் விமானங்கள் வங்கக் கடலை நேரே கடக்கவில்லை. கல்கத்தா, இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் எனக் கரையோரமாகவே சுற்றி வந்தன. 1954இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியது. கோலாலம்பூரில் சுங்கை பீசி நிலையத்தின் இடத்தை 1965இல் சுபாங் பெற்றது. 1998இல் பெருவிமானங்கள் சிப்பாங்குக்கு மாறின.

இன்று கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் வான்வழி ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். பயணம் சுமார் நான்கு மணி நேரம். இந்திய நேரம் இரண்டரை மணி பின்தங்கியிருத்தலால், செல்லும்போது கடிகாரம் ஒன்றரை மணியும், மீளும்போது ஆறரை மணியும் காட்டும். இவ்வேறுபாட்டைக் கணக்குப் பாடத்தில் வைத்தால் மாணவர் விரும்பிக் கற்பர்.

ஆயினும் விமானம் வந்தவுடனே எல்லாரும் பறந்துவிடவில்லை. ரஜூலா 1973வரை ஓடியது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீவிபத்துக்கு உள்ளாகவே, அச்சேவையும் முடிவுற்றது. விமானக் கட்டணம் செலுத்தவியலாதோர் அதுகாறும் கப்பலையே நம்பினர். ஊரில் தாய் இறந்த செய்தி தந்தியில் விரைந்து வந்துவிடும். அடுத்த கப்பலைப் பிடித்து மகன் போய்ச் சேர்வதற்குள் கருமாதி நெருங்கியிருக்கும். வானில் விமானம் பறந்த அதே காலத்தில், அம்மகனுக்குத் தமிழகம் இருவாரத் தொலைவில் இருந்தது. இந்நூற்றாண்டில் மலிவுக் கட்டண விமானங்கள் திருச்சிராப்பள்ளி வரை பறக்கத் தொடங்கிய பின்னரே அத்தொலைவு பலருக்கும் சுருங்கியது.

எனவே, இரு நகரங்களுக்கு இடையே எத்தனை மணி என்ற வினாவுக்கு விமான அட்டவணை தரும் விடை பாதியே. யாருக்கு, எந்தக் காலத்தில் என்று கேட்ட பின்னரே மறுபாதி கிடைக்கும். அதனைக் கூறுவது வரலாறு அன்றோ!