சுமை தாங்கும் காற்று

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். தலைச்சுமையோடு நடந்து வருபவர், பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும் மீண்டும் ஏற்றிக்கொண்டு செல்லவும் ஏற்ற உயரத்தில் அவை அமைந்திருக்கும். சுமப்பவருக்குத் துணை தேடும் முயற்சி மனிதரோடு நின்றுவிடவில்லை. குதிரை இழுத்த வண்டிக்கும் பின்னர் மோட்டார் வாகனத்துக்கும் அது தொடர்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ட்ரெயிலர் இழுக்கும் பிக்-அப் வண்டிகளின் பின்னச்சின் மேல் பொருத்தப்படும் துணைக் காற்றுப்பை அம்முயற்சியின் ஒரு கிளையாகும்.

விபத்தின்போது வாகனத்தினுள் விரிந்து உயிர் காக்கும் காற்றுப்பை வேறு, இது வேறு. இது சக்கரத்துக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் இடையில் இருந்து பாரம் தாங்கும் றப்பர்ப் பை. அதன் வரலாறு நாம் எண்ணுவதைவிட நீளமானது. அவ்வரலாற்றின் ஓரிடத்தில் இலங்கையின் பெயரும் வருகிறது.

வில்லிலிருந்து காற்றுக்கு

1804ஆம் ஆண்டு ஒபடையா எலியட் என்ற இலண்டன் வண்டித் தொழிலாளர், நீள்வட்ட வடிவில் அமைந்த உருக்குத் தகட்டு விற்களின் மேல் குதிரை வண்டியை ஏற்றிவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வாகனம் பிறந்தபோது அது தகட்டு வில்லைக் குதிரை வண்டியிடமிருந்தே சுவீகரித்துக்கொண்டது. இன்றும் பெரும்பாலான பிக்-அப் வண்டிகளின் பின்புறத்தைத் தாங்குபவை அதே குலத்தைச் சேர்ந்த விற்களே.

உருக்கு வில்லுக்கு ஒரு குறை உண்டு. அதன் பலம் செய்தபோதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பெரும் பாரத்துக்கென வன்மையாகச் செய்தால் வெறும் வண்டி குலுக்கி எடுக்கும். மென்மையாகச் செய்தால் பாரம் ஏறியவுடன் பின்புறம் தாழ்ந்துவிடும். எமது நாட்டு லொறிச் சாரதிகள் பாரம் கூடினால் வில்லில் மேலும் ஒரு தகட்டைச் சேர்ப்பர். திரும்பும் வழியில் வெறும் லொறியில் ஏறிவந்தவர்களுக்கு அதன் பலன் எதுவென்று தெரியும்.

காற்று அவ்வாறானதன்று. குறித்த வெப்பநிலையில் காற்றின் கனவளவைப் பாதியாக்கினால் அதன் அமுக்கம் இரட்டிப்பாகும் என்ற விதியை றொபட் பொயில் 1662இல் வெளியிட்டார். அமுக்க அமுக்க எதிர்த்து நிற்கும் பலம் கூடும் வில் அது. அதைவிட முக்கியமானது, காற்றை ஏற்றியும் இறக்கியும் அவ்வில்லின் பலத்தை வேண்டியபடி மாற்றலாம் என்பது. 1901இல் வில்லியம் ஹம்ப்ரீஸ் என்ற அமெரிக்கர், வண்டியின் இருபுறமும் நீளவாட்டில் கிடக்கும் காற்று மெத்தைகளைக் கொண்ட ஒரு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணம் நல்லதே. ஆனால் அதைக் காலத்துக்கும் காற்றுக் கசியாமல் காக்கக்கூடிய உறை அன்று இருக்கவில்லை.

றப்பரும் நமது மக்களும்

அந்த உறை றப்பரிலிருந்தே வரவேண்டியிருந்தது. சார்ள்ஸ் குட்இயர் றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை 1839இல் கண்டறிந்தார். றொபட் வில்லியம் தொம்சன் 1845இல் காற்றடைத்த சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டுப் போக, 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜோன் பொயிட் டன்லொப் அதை மீண்டும் கண்டுபிடித்தார். மோட்டார் யுகம் தொடங்கியதும் உலகுக்கு றப்பர் பசி எடுத்தது.

பிறேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றுள் 1,900க்கும் அதிகமான கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொடவில் நடப்பட்டன. இலங்கையிலும் மலாயாவிலும் பரந்த றப்பர்த் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் பெருந்தொகையினர் விடியுமுன் எழுந்து பால் வெட்டினர்.

முதல் உலகப் போரின் பின் றப்பர் விலை வீழ்ந்தபோது, 1922இல் பிரித்தானியா ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து மலாயா, இலங்கை ஆகிய இரு நாடுகளின் றப்பர் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது. அமெரிக்க ரயர் உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களுள் முன்னணியில் நின்ற ஹார்வி பயர்ஸ்டோன், 1926இல் ஆபிரிக்காவின் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கர் வரையான நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றார். திட்டம் 1928இல் கைவிடப்பட்டது. லைபீரியத் தோட்டமோ நிலைத்தது. நமது மக்கள் உழைத்த தோட்டங்களின் மீது விதிக்கப்பட்ட ஒரு கட்டுப்பாடு, வேறொரு கண்டத்தில் வேறொரு ஏழை மக்களின் தோள்களில் போய் இறங்கியது.

இந்தப் பயர்ஸ்டோன் நிறுவனமே 1930களில் காற்று வில்லை மீண்டும் கையில் எடுத்தது. ரயரைப் போலவே நூலிழை பொதிந்த றப்பரால் பை செய்யப்பட்டது. சில கார்களில் பரீட்சித்தும் பார்த்தனர். ஆனால் உருக்கு வில்லின் மலிவுடன் அது போட்டியிட முடியவில்லை. முதல் வெற்றி பஸ் வண்டியில் கிடைத்தது. 1953இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் காற்று வில் கொண்ட பஸ் வண்டிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. மறு ஆண்டில் கிறேஹவுண்ட் நிறுவனத்துக்காக அது செய்த சீனிக்குறூஸர் பஸ்ஸும் காற்றின் மேலேயே ஓடியது. வெறும் பஸ்ஸுக்கும் நிறைந்த பஸ்ஸுக்கும் இடையே நிறை வேறுபாடு பெரிது. மாற்றத்தக்க வில் அங்கேதான் மிகவும் தேவைப்பட்டது.

கார்களில் நடந்தது வேறு கதை. 1957இல் கடிலாக் எல்டொராடோ புறோம் என்ற விலையுயர்ந்த காரில் நான்கு சில்லுகளுக்கும் காற்று வில் வைத்தார்கள். காற்றுக் கசிந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கார் தரையோடு படுத்துக் கிடந்தது. உரிமையாளர் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் விற்களை மாட்டிக்கொண்டனர்.

துணையாக வந்த பை

உருக்கை முற்றாக அகற்றும் முயற்சி கார்களில் தடுமாறிய அதே காலத்தில், உருக்குக்குத் துணையாகக் காற்றை வைக்கும் முயற்சி அமைதியாக வேரூன்றியது. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் 1949இல் தொடங்கப்பட்ட எயர் லிஃப்ட் என்ற நிறுவனம், சுருள் வில்லின் உள்ளே நுழைக்கும் காற்றுப்பையைச் செய்து விற்றது. பாரத்தின் பெரும்பகுதியை உருக்கு சுமக்கும். மிகுதிக்கு மட்டும் காற்று தோள் கொடுக்கும். பை வெடித்தாலும் வண்டி தரையில் விழாது. இந்த அடக்கமே அதன் நீடித்த வாழ்வுக்குக் காரணம் எனலாம்.

காலமும் கைகொடுத்தது. போர்ட் நிறுவனம் 1925இல் தனது முதல் பிக்-அப் வண்டியை 281 டொலருக்கு விற்றபோது அது கமக்காரரின் வண்டி. 1956இன் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் பெருந்தெருக்களுக்கு வழி திறந்தபின், குடும்பத்தோடு வீட்டு ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு நாடு சுற்றுவது அமெரிக்கரின் பொழுதுபோக்காயிற்று. பண்ணை வண்டி இழுவை வண்டியாக மாறியது.

இழுவையின் கணக்கு எளியது. ட்ரெயிலரின் நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இழுக்கும் வண்டியின் கொளுவியில் அழுத்த வேண்டும். 6,000 இறாத்தல் ட்ரெயிலர் என்றால் 600 முதல் 900 இறாத்தல். அந்தச் சுமை பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பின்புறம் தாழ, முன்புறம் எழும். முன்விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். முன்சில்லுகளின் பிடி குறையும்.

இங்கே அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையில் பக்கத்துக்கு ஒன்றாக இரு பைகள் பொருத்தப்படுகின்றன. 20 சதுர அங்குலப் பரப்பில் தாங்கும் பையில் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் அமுக்கம் இருந்தால், அது 1,000 இறாத்தலைத் தாங்கும். மேல்தாங்கி அடிச்சட்டத்திலும் கீழ்த்தாங்கி அச்சிலும் திருகாணிகளால் இறுக்கப்படும். புகைக்குழாயின் வெப்பம் படாதபடி தகடு ஒன்று மறைக்கும். மெல்லிய குழாய்கள் பின்புற பம்பர் அருகே வால்வுகளில் முடியும். இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் இருப்பது நலம். ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் திரும்பும்போது ஒரு பையின் காற்று மற்றதற்கு ஓடி, சாய்வைத் தடுக்கும் பலன் குறையும். சுமையில்லாதபோதும் 5 இறாத்தல் அளவு அமுக்கம் இருக்க வேண்டும். இல்லையேல் பை மடிந்து தேயும். பொருத்தி முடித்ததும் சவர்க்கார நீர் தடவிப் பார்த்தால், கசிவு இருக்குமிடம் குமிழியாகத் தெரிந்துவிடும்.

நிமிர்ந்து நிற்பது மட்டும் போதுமா?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். காற்றுப்பை வண்டியை நிமிர்த்துகிறது. ஆனால் அச்சின் பலத்தையோ, ரயரின் பலத்தையோ, பிறேக்கின் பலத்தையோ அது ஓர் இறாத்தல்கூடக் கூட்டுவதில்லை. உற்பத்தியாளர் கதவோரத்தில் ஒட்டியுள்ள அதிகபட்ச நிறை, பை பொருத்தியபின்னும் அதே நிறைதான். கொளுவியின் சுமையால் முன்சில்லுகள் இழந்த நிறையையும் இப்பை திருப்பிக் கொடுப்பதில்லை. அதற்கு நிறையை முன்னச்சுக்குப் பகிரும் தனிக் கொளுவி வேண்டும்.

பின்புறம் தாழ்ந்து நிற்கும் வண்டி தன் சாரதிக்கு ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பைகளில் காற்றை ஏற்றியதும் அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும் வண்டியைக் கண்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்ற ஆசை எழுகிறது. பெருந்தெருவில் ரயர் வெடிக்கும்போதோ இறக்கத்தில் பிறேக் பிடிக்க மறுக்கும்போதோ அந்த ஆசைக்கு விலை கொடுப்பவர் சாரதி மட்டுமல்லர். எதிரே குடும்பத்தோடு வருபவரும் கொடுக்கிறார். ஆதலால் பைகளைப் பொருத்துவோர், நிறுவைத் தளத்தில் வண்டியை ஒவ்வோர் அச்சாக நிறுத்துப் பார்த்தபின்னரே பயணம் புறப்படுவது தகும்.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு இறும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்திருக்கிறார். அவர் காலத்தில் காற்றுப்பை இல்லை. இன்று அது இருக்கிறது என்பதால் அச்சின் இயல்பு மாறிவிடவுமில்லை. தெருவோரச் சுமைதாங்கி சுமையை இறக்கி வைக்க உதவியது. காற்றுப்பை சுமப்பதற்கு மட்டுமே உதவுகிறது. எவ்வளவு சுமப்பது என்பதை இன்றும் மனிதரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.