அறப்பணி மோட்டார் பயணம்: முதல் நாள் சரியாக அமைய என்ன செய்ய வேண்டும்?

பத்துமலை அடிவாரத்தில் விடியற்காலையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கைப்பிடியில் ஒரு முழம் பூ, நெற்றியில் திருநீறு. சிறுநீரக நோயாளிகளுக்காகவோ, தமிழ்ப்பள்ளிக்காகவோ, முதியோர் இல்லத்துக்காகவோ நிதி திரட்டப் பல நாள் பயணம் கிளம்பும் நம்மவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

இத்தகைய பயணத்தில் மிகக் கவனம் தேவைப்படுவது முதல் நாள். உற்சாகத்தில் முந்தின இரவு தூக்கம் இருக்காது. பக்கத்தில் ஓட்டுபவரின் பழக்கமும் தெரியாது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்பதற்காகச் சாலை நமக்குச் சலுகை காட்டாது.

பத்திரங்கள்

வழியில் உள்ள பட்டணங்களில் உண்டியல் ஏந்தப் போகிறீர்களா? வீடு வீடாகவும் தெருக்களிலும் நிதி திரட்டுவதற்கென 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. அதன்படி போலீஸ் அனுமதி பெற வேண்டும். கூட்டமாகச் செல்லும் பாதையையும் நேரத்தையும் போலீசுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.

ஒவ்வொருவரின் ஓட்டுநர் உரிமம், சாலை வரி, காப்புறுதி ஆகியவற்றைக் கிளம்பும் அன்று அல்ல, ஒரு வாரத்துக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். பி2 உரிமம் 250 சிசி வரைதான் செல்லும். நண்பரின் பெரிய மோட்டாரை இரவல் வாங்கி வருபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பின்னால் அமர்ந்து வருபவருக்கும் காப்புறுதி உண்டா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காசு

பயணச் செலவும் நன்கொடையும் ஒரே பையில் இருக்கக் கூடாது. பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம், டீசட்டை எல்லாம் ஓட்டுபவர்களின் சொந்தப் பணத்தில் நடக்கட்டும். மக்கள் கொடுக்கும் பணம் தனிநபர் வங்கிக் கணக்குக்குப் போகாமல், உதவி பெறும் இல்லத்தின் கணக்குக்கோ பதிவுபெற்ற சங்கத்தின் கணக்குக்கோ நேராகச் செல்ல வேண்டும். வரிவிலக்கு ரசீது தருவதாகச் சொல்வதற்கு முன், அந்த அமைப்பு 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள்.

மோட்டார்

கப்சாயில் தூரப் பயணம் போகலாம். ஆனால் சங்கிலி, பிரேக், எஞ்சின் எண்ணெய், டயர் ஆகியவற்றைப் பட்டறையில் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். புது டயர் போட்டால் பயணத்துக்குச் சில நாள் முன்பே போட்டு ஓட்டிப் பழகுங்கள். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் நம் நாட்டில் உள்ள விதி. தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாமல் ஓட்டுவது, அதை அணியாமல் ஓட்டுவதற்குச் சமம்.

பத்துமலை முதல் கோலகங்சார் வரை

வடக்கே செல்லும் பயணத்துக்குப் பழைய முதலாம் எண் கூட்டரசு சாலை ஏற்றது. நெடுஞ்சாலையிலும் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. ஆனால் அங்கே கப்சாயும் பெரிய மோட்டாரும் ஒரே வேகத்தில் போவது கடினம். அதோடு, நிதி கொடுக்கும் மக்கள் இருப்பது பழைய சாலையோரப் பட்டணங்களில்.

நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, ரவாங் தாண்டி, தஞ்சோங் மாலிமில் முதல் நிறுத்தம். பசியாறிவிட்டுச் சிலிம் ரிவர், பீடோர் வழியாகத் தாப்பாவில் இரண்டாம் நிறுத்தம். கம்பார், கோப்பெங் கடந்து ஈப்போவில் மதிய உணவு. பிறகு சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார். மொத்தம் சுமார் 250 கிலோமீட்டர். சிறிய டாங்கி உள்ள மோட்டார் எது என்று பார்த்து, அது காலியாகும் முன் எல்லோரும் சேர்ந்து பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

தைப்பிங் வரை போய்விடலாமே என்று யாராவது ஒருவர் சொல்வார். மழைக்குப் பெயர்போன ஊர் அது. களைத்த உடம்போடு புக்கிட் பெராப்பிட் மலைச்சாலையை மாலை மழையில் கடக்க வேண்டியதில்லை. அதை இரண்டாம் நாள் காலைக்கு வையுங்கள்.

வரிசை

முன்னால் வழி தெரிந்தவர் ஒருவர், கடைசியில் அனுபவசாலி ஒருவர். புதியவர்கள் முன்னவருக்கு அடுத்து வர வேண்டும். கடைசியில் விட்டால் வரிசையைப் பிடிக்க வேகமாக ஓட்டுவார்கள். வரிசையிலேயே மெதுவாக ஓட்டுபவரின் வேகம்தான் அனைவரின் வேகம்.

நேர்ச்சாலையில் ஒருவர் தடத்தின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் செல்லலாம். நேர் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் குறைந்தது 2 வினாடி இடைவெளி வேண்டும். வளைவில் ஒற்றை வரிசைதான். கூட்டம் பெரிதானால் எட்டு, பத்துப் பேராகப் பிரித்து, நடுவில் லோரியும் காரும் புகுந்து செல்ல இடம் விடுங்கள்.

சந்திப்புகளில் விசில் ஊதி மற்ற வாகனங்களை நிறுத்துவது நம் வேலையன்று. அந்த அதிகாரம் போலீசுக்கே உண்டு. சிவப்பு விளக்கில் வரிசை அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். அடுத்த நிறுத்தத்தில் முன்னவர்கள் காத்திருப்பார்கள் என்று காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

மழை வந்தால் பாலத்தடியில் சாலையோரமாக ஒதுங்காதீர்கள். மழைமறைப்பில் பார்க்காமல் வரும் வாகனம் வந்து மோதும் இடம் அது. பெட்ரோல் நிலையமோ கடையோ வரும் வரை மெதுவாகச் சென்று நில்லுங்கள். எல்லோருடைய பெயர், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் அடங்கிய பட்டியல் முன்னவரிடமும் கடைசியில் வருபவரிடமும் இருக்க வேண்டும்.

மாலையில்

தங்குமிடம் சேர்ந்ததும் முதல் வேலை, எண்ணிக்கை. எல்லோரும் வந்தாகிவிட்டதா? எந்த மோட்டாரில் என்ன சத்தம்? யாருக்கு முதுகு வலி? முடியாதவர் துணை வாகனத்தில் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது வேலை, உண்டியல். மூன்று பேர் முன்னிலையில் எண்ணி, தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அன்றிரவே புலனக் குழுவில் போட்டுவிடுங்கள்.

அன்று கடந்துவந்த சுங்கை சிப்புட், துன் வீ.தி.சம்பந்தனின் ஊர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அவர் பாட்டாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தங்கியிருக்கும் கோலகங்சாரில், 1877இல் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னமும் நிற்கிறது. அந்தப் பயிரை நம்பி வந்தவர்களின் பிள்ளைகள்தாம் இன்று உண்டியலில் ஐந்து வெள்ளி போடுகிறவர்கள். அந்த ஐந்து வெள்ளிக்குக் கணக்கு இருந்தால், அடுத்த ஆண்டும் அவர்கள் கொடுப்பார்கள்.

மூன்றாவது வேலை, ஒவ்வொருவரும் வீட்டுக்கு அழைத்து ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று சொல்வது. அதன் பிறகு தூங்கலாம்.