வீரர் ஏலம்

ஒரு விளையாட்டு வீரரை எந்த அணி எடுப்பது என்பதைக் கையிருப்புத் தொகைக்கு உச்சவரம்பு வைத்து, விலை கேட்டு முடிவு செய்யும் முறை. அமெரிக்காவில் டேனியல் ஒக்ரெண்டும் நண்பர்களும் 1980இல் தொடங்கிய கற்பனை பேஸ்பால் ஆட்டத்தில் இது பொழுதுபோக்காக இருந்தது. தமிழ்நாட்டு ரசிகருக்கு அறிமுகமானது ஐபிஎல் கிரிக்கெட் வழியாக.

முதல் ஐபிஎல் ஏலம் 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்தது. ஓர் அணிக்குக் கையிருப்பு 50 லட்சம் டாலர். ஏலமின்றி ஒதுக்கப்பட்ட நட்சத்திர (ஐகான்) வீரர் உள்ள அணி, ஏலத்தில் தான் எடுக்கும் விலை உயர்ந்த வீரரைவிட அவருக்கு 15 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. சென்னைக்கு அப்படி எவரும் இல்லை. அந்தக் குறையே வசதியானது. சென்னை 15 லட்சம் டாலருக்கு எடுத்த தோனியை மும்பை அதே விலைக்கு எடுத்திருந்தால், தன் நட்சத்திர வீரர் சச்சினுக்கு 17.25 லட்சம் தந்தாக வேண்டும். இருவருக்கே 32.25 லட்சம் போய்விடும். மும்பை ஒதுங்கியதற்கு இதுவே காரணம் என்பர். சென்னை உரிமையாளர் தரப்பு முதலில் சேவாக்கை விரும்பியதாகவும், தோனிக்காக வாதாடியவர் அணிக்காக ஏலம் கேட்ட வி.பி. சந்திரசேகர் என்றும் அவர் தரப்பிலிருந்து கூறப்படுகிறது.

2009இல் 15.5 லட்சம் டாலருக்குச் சென்னை எடுத்த பிளின்டாப் 3 ஆட்டங்களோடு காயத்தால் விலகினார். 2012 ஏலம் விசித்திரமானது. ஜடேஜாவுக்குச் சென்னையும் டெக்கானும் 20 லட்சம் டாலர் உச்சவரம்பை எட்டிவிட, இரு அணிகளும் ரகசியமாகத் தொகை எழுதித் தர நேர்ந்தது. சென்னை வென்றது. கூடுதல் தொகை கிரிக்கெட் வாரியத்துக்குப் போனது, வீரருக்கு அல்ல. எவ்வளவு என்று அறிவிக்கப்படவும் இல்லை. ஜடேஜாவின் உண்மை விலை பதிவேட்டில் இல்லாத விலை.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியது. 2018இல் கோப்பை வென்ற மதுரை அணியில் பந்துவீசிய வருண் சக்கரவர்த்தி, அவ்வாண்டு டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் ரூ.20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து ரூ.8.4 கோடிக்குப் பஞ்சாபுக்குப் போனார். அங்கே ஆடியது ஒரே ஆட்டம்.

தமிழ்நாடு லீக்கின் முதல் ஏலம் 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் நடந்தது. ரூ.70 லட்சம் கையிருப்பில் கோவை அணி சாய் சுதர்சனுக்கு மட்டும் ரூ.21.6 லட்சம் கொடுத்தது. அப்போது குஜராத் அணியில் அவர் விலை ரூ.20 லட்சமே, உள்ளூர்ச் சந்தை ஐபிஎல்லை முந்திய அபூர்வ நிகழ்வு. தோனிக்குச் சென்னை செலவிட்டதும் ஏறக்குறைய இதே பங்குதான், பத்தில் மூன்று. அவ்வாண்டு ஐபிஎல் இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக சுதர்சன் 96 ஓட்டங்கள் எடுத்தார்.

தொடக்கத்தில் சொன்ன கற்பனை ஆட்டத்தின் வழியில், செல்பேசியில் 100 புள்ளிக்குள் 11 பேரைத் தேர்ந்தெடுக்கும் கற்பனை அணி ஆட்டமும் பரவியது. இதில் ஏலம் கிடையாது, வீரர் விலையை ஆட்டத்தை நடத்தும் நிறுவனமே வைக்கும். பணம் கட்டி ஆடுவது 2025 ஆகஸ்டில் மத்திய சட்டத்தால் தடைபட்டது.