வேடன் செருப்பும் துரையின் பூட்ஸும்

வேட்டை என்றதும் வில், துப்பாக்கி, நாய் எல்லாம் நம் நினைவுக்கு வரும். வேட்டைக்காரன் காலில் என்ன போட்டிருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. காட்டில் நடந்து பழகியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முள் தைத்த காலோடு ஓட முடியாது. பாறையில் வழுக்கினால் குறியும் போச்சு, சில சமயம் ஆளும் போச்சு. ஆகவே இந்த வாரம் வேட்டைக்காரர்களின் கால்களைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

நம்ம பக்கம் வேட்டைக்குப் புதிதல்ல. கவுத்தி மலையையும் வேடியப்பன் மலையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேடியப்பன் என்ற பெயரிலேயே வேடன் இருக்கிறான். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கங்களில் பழைய நடுகற்கள் பலவற்றை வேடியப்பன் என்றே இன்றும் கும்பிடுகிறார்கள். செங்கம் பகுதியின் எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலத்து நடுகல்லில் வீரனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். நாய்க்கே கல்லில் இடம் கொடுத்த ஊர் இது.

அந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியதுதான் மலைபடுகடாம். பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் நூல் அது. காட்டுப் பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், எந்தப் பாறை வழுக்கும், எப்படிப் பிடித்து ஏற வேண்டும் என்றெல்லாம் அதில் எச்சரிக்கைகள் வருகின்றன. மலை வழியில் காலுக்குத்தான் முதல் ஆபத்து என்பது அன்றே தெரிந்த விஷயம். காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இரண்டு வகைக் காலணி வருகிறது. ஆடு மாடு மேய்ப்பவர் அணிந்தது தொடுதோல். அதை ஓயாமல் போட்டு நடந்து அவர் காலில் வடு விழுந்திருந்ததாம். நெடுவழி போன வணிகர்கள் அணிந்ததோ பாதத்தையே மூடி மறைக்கும் காலணி. இன்றைய செருப்புக்கும் பூட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதே இருந்திருக்கிறது.

வேடன் செருப்பு என்றால் நமக்குக் கண்ணப்பர்தான். காளத்தி மலையில் இறைவன் முடிமேல் கிடந்த பூவைச் செருப்புக் காலால் தள்ளியவர். பிறகு, தன் கண்ணைப் பெயர்த்து அப்புவதற்கு இடம் தெரிய வேண்டும் என்று அதே காலை ஊன்றிக்கொண்டவர். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் நாம், செருப்போடு நின்ற அந்த வேடனை உள்ளே அறுபத்துமூவரில் ஒருவராகக் கும்பிடுகிறோம்.

சரி, அந்தச் செருப்பு எதனால் ஆனது? நம் நாட்டுத் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம் பட்டையும் கடுக்காயும். ஆவாரை நம் மேட்டு நிலங்களில் தானாக வளரும். கடுக்காய் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும். இப்படிப் பதப்படுத்திய தோல் கெட்டியாக இருக்கும், முள்ளுக்கு நன்றாகத் தாங்கும். ஒரே குறை, தண்ணீர். நனைந்தால் ஊறிக் கனக்கும். வெயிலில் காய்ந்தால் விறைத்து, காலைக் கடிக்கும். அதனால்தான் பெரியவர்கள் புதுச் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி ஊற வைத்தார்கள். எண்ணெய் தோலுக்குள் இறங்கி அதைப் பதமாக வைக்கும், ஓரளவு ஈரத்தையும் தள்ளும். நம் ஊரில் ‘வாட்டர் புரூப்’ என்பதன் முதல் வடிவம் அதுதான்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் செருப்பைத் தைத்துக் கொடுத்தவரே அதைப் போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடக்க முடியாத காலம் இருந்தது. தெரு முனை வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். முள்ளுக்கும் கல்லுக்கும் பொதுவான கால், செருப்புக்கு மட்டும் பொதுவாக இல்லை.

வெள்ளைக்காரத் துரைகள் வந்தபோது வேட்டைக் காலணியும் மாறியது. கணுக்கால் மறைக்கும் தடித்த தோல் பூட்ஸ், அடியில் சேற்றைக் கவ்வ ஆணிகள், அதற்கு மேல் முழங்கால் வரை சுற்றிய பட்டித் துணி. பழைய போலீஸ்காரர்கள் காலில் சுற்றியிருந்த ‘பட்டீஸ்’ நினைவிருக்கிறதா? அதேதான். முள்ளுக்கும் அட்டைக்கும் அது நல்ல காப்பு. ஆனால் ஆணி அடித்த பூட்ஸ் பாறையில் பட்டால் டக் டக் என்று சத்தம் போடும், வழுக்கவும் செய்யும். துரை பூட்ஸ் போட்டு நின்றிருக்க, தப்பட்டை அடித்துக் காட்டைக் கலைத்து மிருகத்தை அவர் பக்கம் விரட்டியவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு போன நம்மவர்கள். காட்டில் யாருக்கு அதிக ஆபத்தோ, அவர் காலில்தான் ஒன்றும் இல்லை.

காட்டை உண்மையாகத் தெரிந்தவர்கள் கனமான பூட்ஸை நம்பவில்லை. குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த ஜிம் கார்பெட், ரப்பர் அடி வைத்த மெல்லிய காலணிகளோடு நடந்ததைத் தம் புத்தகங்களில் எழுதியிருக்கிறார். பள்ளியில் டிரில் வகுப்புக்கு நாம் போட்ட கேன்வாஸ் ஷூவுக்கு அது அண்ணன் முறை. அது நனையும். ஆனால் சீக்கிரம் காயும், சத்தம் போடாது, தரையின் மேடு பள்ளத்தைப் பாதத்துக்குச் சொல்லும். புலியைத் தேடிப் போகிறவருக்குக் கால் நனைவது பெரிய விஷயமில்லை. சருகு நொறுங்கும் சத்தம்தான் பெரிய விஷயம்.

தண்ணீர் புகாத தோல் நம் மாகாணத்துக்கு வந்த கதை இன்னும் சுவையானது. அது வேட்டைக்காக வரவில்லை, கவலை இறைப்புக்காக வந்தது! மாடு பூட்டிக் கவலை ஓட்டிய காலம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தோல் பை எந்நேரமும் தண்ணீரில் கிடந்து சீக்கிரம் மக்கிவிடும். சென்னைக் கலைப் பள்ளியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903-இல் குரோமிய உப்பு கொண்டு தோல் பதப்படுத்தும் சோதனைகளைத் தொடங்கினார். ஈரத்தைத் தாங்கி நீடித்து உழைக்கும் கவலைத் தோல் செய்ய முடியுமா என்பது அவர் பார்த்த முக்கியமான விஷயங்களில் ஒன்று. அதே தோல் செருப்புக்கும் பூட்ஸுக்கும் போனது. பிறகு 1912-இல் பல்லாவரம் அருகே குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டை என்ற பெயர் அதனால் வந்ததுதான். முதல் உலகப் போரின்போது (1914–18) சென்னை மாகாணத்தில் பட்டையால் பதப்படுத்திய தோல், பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகக் கப்பல் ஏறியது. இன்று ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைக்கின்றன. நம் மாவட்டத்துச் செய்யாறு சிப்காட்டிலும் அதே வேலை நடக்கிறது. பாலாற்றங்கரைக் கிணறுகள் அதற்குக் கொடுத்த விலையையும் மறந்துவிடக் கூடாது.

ஒரு சொட்டுக்கூட உள்ளே விடாத ரப்பர் பூட்ஸ், அதாவது நம்ம ‘கம்பூட்’, வேறு வழியாக வந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறையை அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தார். 1853-இல் ஹைரம் ஹட்சின்சன் என்பவர் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கினார். இங்கிலாந்தில் அதற்கு வெலிங்டன் பூட்ஸ் என்று பெயர். அந்த வெலிங்டன் பிரபு வேறு யாருமில்லை, 1799-இல் திப்புவுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டையிட்ட ஆர்தர் வெல்லெஸ்லிதான். கம்பூட்டில் ஒரு தொல்லை உண்டு. வெளித் தண்ணீரை உள்ளே விடாதது போலவே உள் வியர்வையையும் வெளியே விடாது. 1969-இல் அமெரிக்காவின் பாப் கோர் உருவாக்கிய மெல்லிய சவ்வு அதற்கு ஒரு தீர்வு. அதன் நுண்துளை வழியே ஆவி போகும், தண்ணீர்த் துளி நுழையாது. இன்றைய விலை உயர்ந்த மலை பூட்ஸ்களின் உள்ளே இருப்பது அந்த மாதிரிச் சவ்வுதான்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து துரை பாணி வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நல்லதுதான். தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர்கள்கூட, 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். வேட்டை போய்விட்டது, பூட்ஸின் தேவை போகவில்லை. அது யாருக்குத் தேவை என்பதுதான் மாறிவிட்டது.

ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் போட வரப்பில் நடக்கிறாரே, அவருக்குத்தான் இன்று பூட்ஸ் வேண்டும். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். கடி அதிகமும் பாதத்திலும் கீழ்க்காலிலும்தான் விழுகிறது. நெல் வயலிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் எலியைத் தேடி விரியன் வரும் நேரமும், நாம் மடை திருப்பப் போகும் நேரமும் ஒன்றாக இருக்கிறது.

ஆகவே வாங்கும்போது சில விஷயங்களைப் பாருங்கள். உயரம் கெண்டைக்கால் பாதி வரையாவது இருக்கட்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. தடித்த பருத்திக் காலுறை போட்டுப் பார்த்து, விரல் நுனிக்கு முன்னால் அரை அங்குலம் இடம் விடுங்கள். குதிகால் தூக்கித் தூக்கி அடித்தால் வேண்டாம், கொப்புளம் வரும். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும். வழவழப்பான அடி சேற்றில் ஆளைக் கவிழ்த்துவிடும், நம் பழைய டயர் செருப்புக்கு இருந்த குறை அதுதான். வேலை முடிந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் காய வையுங்கள். மறுநாள் போடுமுன் உதறுங்கள், தேள் உள்ளே இருக்கலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்ஸ் முழுக் காப்பு அல்ல. கையில் டார்ச் வேண்டும். கடித்துவிட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்து வருகிறார்கள். பீரோவில் ஏற்கெனவே அது நிறைய இருக்கிறது. இந்த வருஷம் அப்பாவின் கால் அளவைக் கேட்டுக்கொண்டு ஒரு ஜோடி கம்பூட் வாங்கி வரச் சொல்லுங்கள்.